ஜாக் மோனோவும் நுண்கிருமியின் சிக்கனமும்

தாயின் வயிற்றில் ஒரே கருவணுவாகத் தோன்றிய உடல், நாளடைவில் எண்ணிறந்த உயிரணுக்களாகப் பெருகுகின்றது. அவ்வுயிரணுக்களுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பரம்பரைச் செல்வம் பொதிந்துள்ளது. கண்ணிலுள்ள அணுவிற்கும் கல்லீரலிலுள்ள அணுவிற்கும் மூலதனம் ஒன்றே. அங்ஙனமாயின், ஒன்று ஒளியை உணர்தலும் மற்றொன்று பித்தஞ் சுரத்தலும் எவ்வாறு நேர்ந்தன? ஜீன்கள் எனப்படும் பரம்பரைக் கூறுகள் ஒவ்வோர் அணுவிலும் முழுமையாக இருக்கவும், அவற்றுட் சில தொழில் செய்யவும் சில வாளா இருக்கவும் கட்டளையிடுவது யாது? இவ்வினாவிற்கு முதன்முதலாகத் தெளிந்த விடை கிடைத்தது மனிதனிடத்தன்று. மனிதன் குடலில் வாழும் ஓர் அற்ப நுண்கிருமியிடத்தே. அவ்விடையைக் கண்டோருள் ஒருவராகிய ஜாக் மோனோ என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியின் வாழ்க்கையையும் ஆராய்ச்சியையும் ஈண்டுச் சொல்லப் புகுந்தோம். இரசாயன நூல் பயிலாத மாணவரும் உடன் வரலாம். வேண்டுவது சிறிது பொறுமையே.

மோனோ 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். அவருடைய குலத்தார் பிரெஞ்சு நாட்டுப் புரொட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர். போதகர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் நிறைந்த குடும்பம் அது. ஆயின் தந்தையார் லூசியன் மோனோ ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டார். டார்வின் நூல்களைப் பெரிதும் விரும்பிக் கற்றவர். தாயார் அமெரிக்க நாட்டவர். குழவிப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதம் கண்டு இவருடைய இடக்கால் மெலிந்தது. அக்காலோடு மலையேறுதலையும் பாய்மரப் படகு செலுத்துதலையும் வாழ்நாள் முழுதும் விடாது பயின்றார் என்பது இவர் இயல்பை ஒருவாறு காட்டும். 1917-இற் குடும்பம் தென்கடற்கரையிலுள்ள கான் நகரிற் குடியேறியது. 1928-இல் இவர் உயர்கல்விக்காகப் பாரிஸுக்குத் திரும்பினார்.

இளமையில் இவர் மனம் இரண்டு பக்கம் இழுக்கப்பட்டது. ஒரு பக்கம் உயிர்நூல். மற்றொரு பக்கம் இசை. செல்லோ என்னும் பெரிய வில்யாழை நன்கு வாசிப்பார். பாக் என்னும் இசைப்பெரியாரின் பாடல்களைப் பாடும் குழுவொன்றை நடத்தினார். எதனைத் தொழிலாகக் கொள்வது என்பது நெடுநாள் முடிவாகவில்லை. 1934-இல் ‘பூர்க்குவா பா’ என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் கிரீன்லாந்து சென்று வந்தார். 1936-இல் அக்கப்பல் மீண்டும் புறப்பட்டபோது இவரும் செல்வதாக இருந்தது. அத்தருணத்தில் நண்பர் போரிஸ் எப்ருஸி, அமெரிக்காவிற் கலிபோர்னியாவில் மார்கன் என்பாரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று ஜீன்களைப் பற்றிப் பயில்வோம் என்று வற்புறுத்தி இவரை அழைத்துச் சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் ஐஸ்லாந்துக்கருகே புயலில் அக்கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்தவர் ஒருவரே. கலிபோர்னியாவில் மோனோ ஆராய்ச்சியைக் காட்டிலும் இசையிலேயே மிகுதியாகக் காலம் போக்கினார் என்பர். எனினும், ஜீன் என்பது வெறும் பெயரன்று, ஆராய்ந்தறியத்தக்க பொருள் என்னும் எண்ணம் அங்கேதான் அவர் உள்ளத்திற் பதிந்தது.

திரும்பி வந்து சார்போன் கலாசாலையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது: நுண்கிருமிகள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன? தெளிந்த நீரில் உப்புக்களோடு சர்க்கரையைக் கரைத்துக் கிருமிகளை விட்டால், அவை பெருகப் பெருக நீர் கலங்கும். அக்கலங்கலை அடுத்தடுத்து அளந்து கோடாக வரைவதே வேலை. பலருக்கு இது சலிப்பூட்டும் வேலையாகத் தோன்றும், தோன்றியுமிருந்தது. மோனோவின் ஆராய்ச்சியிற் சார்போனுக்கு அக்கறையில்லை என்று அங்கிருந்த தலைவர் ஒருவர் கூறியதாக அவர் நண்பர் பின்னர் எழுதினார்.

ஆனால் அக்கோட்டில் ஒரு விந்தை இருந்தது. ஒரே பாத்திரத்தில் இரண்டு வகைச் சர்க்கரைகளை ஒருங்கே இட்டபோது, சில சேர்க்கைகளிற் கிருமிகள் வழக்கம்போற் பெருகின. சிலவற்றிலோ சிறிதுநேரம் பெருகி, பின்பு அப்படியே நின்றுவிட்டு, ஓர் இடைவேளைக்குப் பிறகு மீண்டும் பெருகத் தொடங்கின. ஆராய்ந்து பார்த்தபோது, கிருமி இரண்டு சர்க்கரைகளையும் கலந்து உண்ணவில்லை. முதலில் ஒன்றை முற்றும் தீர்த்து, அதன் பின்னரே மற்றொன்றிற் கைவைத்தது. குளுக்கோஸும் பாற்சர்க்கரையாகிய லாக்டோஸும் கலந்த நீரில், குளுக்கோஸ் தீருமளவும் பாற்சர்க்கரையை அது திரும்பியும் பாராது. விருந்தில் இனிப்பை முன்னே முடித்துவிட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கும் சிறுவரைப் போல்வது இது என்று நகைக்கலாம். மோனோ நகைத்து விடவில்லை. 1940 டிசம்பரில், ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றிய ஆறாம் மாதத்தில், அக்கோட்டை எடுத்துக்கொண்டு பாஸ்டர் நிலையத்திலிருந்த ஆந்திரே லுவாஃப் என்பாரிடம் சென்றார். இது நொதிகள் சூழ்நிலைக்கேற்பத் தோன்றுதலோடு சார்ந்திருக்கக்கூடும் என்று லுவாஃப் சொன்னார். அப்படியொன்று உண்டென்றே மோனோ அதுவரை கேள்வியுற்றதில்லை. அன்று தொட்டு அவர் வாழ்க்கைக்கு அதுவே பொருளாயிற்று. 1941-இல் அவ்வாராய்ச்சிக்காகவே டாக்டர் பட்டமும் பெற்றார்.

நொதி என்பது யாது என்று ஈண்டு ஒரு சொல் கூறுதல் வேண்டும். உயிரணுவினுள் நிகழும் இரசாயன மாறுதல்களை விரைவுபடுத்தும் புரதமே நொதி. பாற்சர்க்கரை இரண்டு சிறு சர்க்கரைகள் பிணைந்தது. அப்பிணைப்பை அறுக்கும் நொதிக்குக் காலக்டோஸிடேஸ் என்று பெயர். பாற்சர்க்கரை இல்லாத இடத்தில் வாழும் ஒரு கிருமியில் இந்நொதி சில துகள்களே இருக்கும். பாற்சர்க்கரையை இட்டால் சில நிமிடங்களுக்குள் உற்பத்தி தொடங்கி, அது ஆயிரம் மடங்களவு பெருகும். சர்க்கரையை நீக்கினால் உற்பத்தி நின்றுவிடும். வேண்டும்போது செய்தலும் வேண்டாதபோது செய்யாதிருத்தலும் ஆகிய இச்சிக்கனத்தை, கண்ணும் மூளையும் இல்லாத ஓர் அணு எவ்வாறு கைக்கொள்கின்றது?

இதற்குள் போர் மோனோவை ஆய்வுக்கூடத்தினின்றும் இழுத்துச் சென்றது. 1938-இல் அவர் மணந்த ஓதெத் புருல் அம்மையார் யூத குலத்தவர். இந்தியா முதலிய கீழ்நாட்டுச் சிற்பங்களைக் காக்கும் பாரிஸ் கிமே காட்சிசாலையைச் சார்ந்த தொல்பொருள் அறிஞர். 1939-இற் பிறந்த இரட்டைப் புதல்வர் இருவர். இக்குடும்பத்தையும் வைத்துக்கொண்டு மோனோ இரகசிய விடுதலைப் படையிற் சேர்ந்தார். அயலவர் கண்ணிற்படலாகாத கடிதங்களைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த ஓர் ஒட்டகச்சிவிங்கியின் காலெலும்பிற்குள் மறைத்து வைத்தார். தோழர் பலர் பிடிபட்டனர். ஜெர்மானியக் காவலர் தம்மைத் தேடுவதை அறிந்து சார்போனுக்குச் செல்வதை விட்டு, லுவாஃபின் மேல்மாடத்து அறையில் ஒதுங்கி இடையிடையே ஆராய்ச்சியும் செய்தார். 1944-இற் பாரிஸ் விடுதலையான காலத்தில் அவர் விடுதலைப் படையின் உயர்ந்த அலுவலருள் ஒருவராயிருந்தார். போரின் முடிவில் அமெரிக்கப் படையினரின் நூல்வண்டியிற் கண்ட சஞ்சிகைகளின் வாயிலாக, பரம்பரைப் பொருள் டி.என்.ஏ. என்பதற்கு ஏவரி முதலியோர் காட்டிய சான்றை அவர் அறிந்துகொண்டார். 1945-இல் லுவாஃபின் மேல்மாடத்திற்கே முழுநேர ஆராய்ச்சியாளராக வந்து சேர்ந்தார்.

போர்க்காலத்தில் மோனோ பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்தார். போர் முடிந்தபின் விலகினார். 1948 ஆகஸ்டில் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பாரின் கொள்கையே அரசாங்கக் கொள்கை என்று அறிவிக்கப்பட்டது. ஜீன்கள் என்பன பொய், சூழ்நிலையால் உயிர்கள் அடையும் மாறுதல்களே சந்ததிக்கு இறங்குகின்றன என்பது அக்கொள்கையின் சாரம். அதனை மறுத்த அறிஞர் பலர் பதவியிழந்தனர். உலகப் புகழ் பெற்ற பயிர்நூல் வல்லுநர் வாவிலவ் 1943-இலேயே சிறையில் மடிந்திருந்தார். மோனோ அடுத்த மாதமே ‘கொம்பா’ என்னும் பாரிஸ் நாளிதழில் லைசென்கோவைக் கடுமையாக மறுத்து எழுதினார். பழைய தோழர் பலர் பகைவராயினர். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கிருமி சூழ்நிலைக்கேற்ப நொதியைச் செய்கின்றது என்னும் அவர்தம் ஆராய்ச்சிப் பொருளே, மேலோடு நோக்குவார்க்கு லைசென்கோவின் கட்சிக்குத் துணை செய்வதுபோல் தோன்றும். ஆகவே சூழ்நிலை கற்றுக்கொடுக்கின்றதா, அன்றி ஏற்கெனவே ஜீனில் உள்ளதைத் திறந்து விடுகின்றதா என்பதை ஐயந்திரிபறத் தீர்ப்பது, அவருக்கு ஆய்வுக்கூடத்தின் கேள்வி மாத்திரமன்று. 1953-இல் அவரும் வேறு நால்வரும் கூடி, ‘சூழ்நிலைக்கு இயைதல்’ என்னும் பழஞ்சொல்லை நீக்கித் ‘தூண்டுதல்’ என்னும் சொல்லை வழங்குவது என்று முடிவு செய்தனர். சொல்லை மாற்றுவது சிறு செயலாகத் தோன்றலாம். பழைய சொல்லில், கிருமிக்கு ஒரு நோக்கம் உண்டென்னும் கருத்து ஒளிந்திருந்தது.

ஆராய்ச்சியின் முதற்பயன் எதிர்பாராதது. பாற்சர்க்கரை நொதியோடு பொருந்தித்தான் நொதியை உண்டாக்குகின்றது என்றே பலரும் எண்ணினர். மோனோவும் துணைவர்களும், பாற்சர்க்கரையைப் போன்ற அமைப்பில், ஆக்ஸிஜனுக்குப் பதில் கந்தகம் அமைந்த பொருள்களைக் கையாண்டனர். அவற்றை அந்நொதி அறுக்க இயலாது. ஆயினும் அவை நொதியுற்பத்தியை மிக வன்மையாகத் தூண்டின. மறுதலையாக, நொதியால் அறுக்கப்படும் சில பொருள்கள் தூண்டவே இல்லை. எனவே தூண்டுதல் வேறு, உண்ணுதல் வேறு. 1955-இற் கதிர்வீசும் கந்தகத்தைக் கொண்டு, தூண்டப்பட்ட நொதி பழைய புரதத்தை மாற்றியமைத்ததன்று, முற்றும் புதிதாகக் கட்டப்பட்டதே என்பதையும் நிறுவினர். அன்றியும், தூண்டும் பொருள் இல்லாமலே ஓயாமல் நொதியைச் செய்துகொண்டிருக்கும் பிறழ்ந்த கிருமிகள் சில கிடைத்தன. அவற்றில் நொதியை ஆக்கும் ஜீன் பழுதின்றி இருந்தது. வேறொரு ஜீன் பழுதுற்றிருந்தது. முன்னதை ஆக்கும் ஜீன் என்றும் பின்னதைக் காவல் ஜீன் என்றும் வழங்குவோமாக.

அக்காலத்தில் அதே மேல்மாடத்தின் மற்றொரு கோடியில் பிரான்ஸ்வா ஜாகோப் என்பார் வேறொரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் 1920-இற் பிறந்தவர். அறுவை மருத்துவராக விரும்பிப் பயின்றவர். 1940-இற் படிப்பை விட்டு லண்டன் சென்று விடுதலைப் படையிற் சேர்ந்து ஆப்பிரிக்காவிற் போர் செய்தார். 1944-இல் நார்மண்டியில் வெடிகுண்டுச் சில்லுகளாற் படுகாயமுற்றார். கத்தி பிடிக்கும் தொழில் அவருக்கு அத்துடன் முடிந்தது. 1950-இல் லுவாஃபிடம் வந்து, கிருமியின் பரம்பரைப் பொருளோடு ஒட்டிக்கொண்டு பல தலைமுறை அடங்கியிருந்து, பின் ஒரு நாள் விழித்தெழுந்து கிருமியை அழிக்கும் வைரஸைப் பற்றி ஆராய்ந்தார். எலி வோல்மன் என்பாருடன் கூடி, ஓர் ஆண் கிருமி தன் ஜீன்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் பெண் கிருமிக்குள் செலுத்துவதையும் கண்டறிந்தார். குறித்த நிமிடத்தில் அவ்விணைப்பைப் பிரிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது சமையலறையில் அரைக்கும் மின்சாரக் கருவியே. பெருங் கண்டுபிடிப்புக்குப் பெருங் கருவி வேண்டுமென்று கருதும் நம் மாணவர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

இம்முறையை மோனோவின் கேள்விக்குப் பயன்படுத்தினால் என்ன? அமெரிக்காவினின்று ஓராண்டு தங்க வந்திருந்த ஆர்தர் பார்டி, ஜாகோப், மோனோ மூவரும் 1957-58-இற் செய்த சோதனை இதுவே. பெண் கிருமியில் ஆக்கும் ஜீன், காவல் ஜீன் இரண்டும் பழுதுற்றவை. ஆண் கிருமியிலிருந்து நல்ல ஆக்கும் ஜீனும் நல்ல காவல் ஜீனும் உட்புகுகின்றன. பாற்சர்க்கரையோ அதனையொத்த தூண்டும் பொருளோ அங்கே இல்லை. நிகழ்ந்தது யாது? ஜீன் உட்புகுந்த சில நிமிடங்களுள் நொதியுற்பத்தி முழு வேகத்தில் தொடங்கியது. ஆனால் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் சென்றபின் நின்றுவிட்டது. அப்பொழுது தூண்டும் பொருளை இட்டால் மீண்டும் நடந்தது. இனித் திருப்பிச் செய்தனர். பழுதுற்ற இரு ஜீன்களையும் ஆண் செலுத்த, பெண்ணிடத்தில் நல்ல ஜீன்கள் இரண்டும் முன்னரே இருந்தன. இம்முறை நொதி சிறிதும் உண்டாகவில்லை.

இதன் பொருளை மாணவர் தாமே சிந்தித்தறிதல் நன்று. இரு சோதனையிலும் இறுதியிற் கிருமிக்குள் இருக்கும் ஜீன்கள் ஒரே தொகுதிதான். வேறுபாடு யாதெனின், முதற் சோதனையில் பெண் கிருமியின் உட்பொருளிற் காவல் ஜீன் செய்யும் பொருள் ஏதும் இல்லை. இரண்டாவதில் அஃது ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆகவே காவல் ஜீன் உண்டாக்குவது தூண்டும் பொருளன்று, தடுக்கும் பொருள். முதற் சோதனையில் அத்தடுப்புப் பொருள் சேரும் வரையில் உற்பத்தி தங்குதடையின்றி நடந்தது, சேர்ந்தபின் நின்றது. பாற்சர்க்கரை வந்து செய்வது, பூட்டியிருக்கும் கதவைத் திறப்பதேயன்றி வேறில்லை.

மோனோ பல்லாண்டு நம்பியிருந்தது இதற்கு நேர்மாறானது. சர்க்கரை நேராக உற்பத்தியை ஏவுகின்றது என்பதே அவர் கொள்கை. பழுதுற்ற கிருமிகள் தம்முள்ளேயே ஒரு தூண்டுபொருளைச் செய்துகொள்கின்றன என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார். தூண்டுதல் என்பது தடையை நீக்குதலாக இருக்கக்கூடாதோ என்று லியோ சிலார்டு என்னும் பௌதிக அறிஞர் அவரிடம் வாதித்தார். சோதனை அப்பக்கமே நின்றது. மோனோ தம் கொள்கையைக் கைவிட்டார். சிலார்டுக்குத் தாம் கடன்பட்டிருப்பதைப் பின்னர் நோபெல் பரிசுச் சொற்பொழிவில் வெளிப்படையாகக் கூறவும் செய்தார்.

1958 ஜூலையில் ஒரு நாள் ஜாகோப் மனைவியாருடன் திரைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் மனம் செல்லவில்லை. அப்போது திடீரென ஓர் எண்ணம் தோன்றியது: அடங்கியிருக்கும் வைரஸும் உறங்கும் பாற்சர்க்கரை ஜீனும் ஒரே முறையில் ஆளப்படுவன, இரண்டிலும் ஒரு தடுப்புப் பொருள் நேராக டி.என்.ஏ.-யின் மீதே அமர்ந்து ஒரு தொகுதி ஜீன்களை ஒருங்கே அடக்குகின்றது. செப்டம்பரில் மோனோவிடம் சொன்னபோது அவர் முதலில் ஒப்பவில்லை. சில மாதங்கள் வாதமும் சோதனையுமாகக் கழிந்தன. தடுப்புப் பொருள் அமரும் இடம் டி.என்.ஏ.-யில் உண்டாயின், அவ்விடமே பழுதுற்ற கிருமிகளும் இருத்தல் வேண்டும். அவற்றில் எவ்வளவு தடுப்புப் பொருள் இருப்பினும், பழுதுற்ற அதே இழையிலுள்ள ஜீன்கள் மட்டும் ஓயாது தொழில் செய்யும். தேடினர், கிடைத்தன. 1960-இல் அத்தொகுதிக்கு ‘ஆபெரான்’ என்று பெயரிட்டனர். பாற்சர்க்கரை ஆபெரானில் மூன்று ஜீன்கள் அடுத்தடுத்துள்ளன: ஒன்று அறுக்கும் நொதிக்கு, ஒன்று சர்க்கரையை உள்ளே கொணரும் பெர்மியேஸ் என்னும் புரதத்திற்கு, மூன்றாவது வேறொரு நொதிக்கு. மூன்றிற்கும் கதவு ஒன்று; பூட்டும் ஒன்று.

ஜீன் உட்புகுந்தவுடன் உற்பத்தி தொடங்கியது என்னும் செய்தி மற்றொன்றையும் குறிப்பித்தது. ஜீனுக்கும் புரதத்திற்கும் இடையே விரைவிற் பிறந்து விரைவில் அழியும் தூது ஒன்று இருத்தல் வேண்டும். 1960 ஏப்ரலில், பெரிய வெள்ளிக்கிழமையன்று, கேம்பிரிட்ஜில் ஜாகோப் இச்சோதனையை எடுத்துக்கூறியபோது பிரென்னரும் கிரிக்கும் இதனைச் சட்டென உணர்ந்தனர். 1961-இல் தூது ஆர்.என்.ஏ. உண்டென்பது சோதனையால் நிறுவப்பட்டது. அவ்வாண்டே ஜாகோப்பும் மோனோவும் எழுதிய நீண்ட கட்டுரை ஜீன் ஆட்சி என்னும் துறைக்கு அடிப்படை நூலாயிற்று. 1965-இல் லுவாஃப், ஜாகோப், மோனோ மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

இனி, மோனோ பிழைபட்ட இடங்களையும் மறையாது சொல்லுதல் கடன். 1961-இல் அவரும் ஜாகோப்பும் தடுப்புப் பொருள் ஆர்.என்.ஏ.-யாயிருக்கலாம் என்று கருதினர். 1966-இற் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அதனைப் பிரித்தெடுத்தபோது அது புரதமாகவே இருந்தது. கிருமிக்குள் அவை பத்தளவே உள்ளமையால் பிடிப்பது அத்துணை அரிதாயிருந்தது. உண்மையில் தடுப்புப் புரதத்தை விலக்குவது பாற்சர்க்கரையே அன்று. அந்நொதி பாற்சர்க்கரையைச் சிறிது மாற்றியமைத்துச் செய்யும் அல்லோலாக்டோஸ் என்பதே. இவையெல்லாம் சிறு பிழைகள். பெரியது வேறு. ஜீன் ஆட்சி எல்லாம் தடுத்தலாலேயே நடப்பது என்று மோனோ துணிந்துவிட்டார். அராபினோஸ் என்னும் சர்க்கரையில் ஏவும் புரதம் ஒன்று உண்டு என்று எங்கில்ஸ்பர்க் என்பார் 1960-களிற் காட்டியபோது, அதனை ஒப்புக்கொள்ள அவ்வட்டாரத்தினர் நெடுநாள் தயங்கினர். ஒரு கொள்கையைத் தாமே மனமுவந்து கைவிட்டவர், அதனிடத்தில் வந்த புதியதைச் சட்டமாகக் கொண்டது வியப்பே. பின்னர் அறியப்பட்டது யாதெனின், பாற்சர்க்கரை ஆபெரானுக்கே தடை நீங்கினால் மட்டும் போதாது. குளுக்கோஸ் குறைந்தபோது செயற்படும் ஓர் ஏவற்புரதமும் வந்து துணை செய்தல் வேண்டும். 1940-இல் அவர் வரைந்த கோட்டில் கிருமி ஏன் குளுக்கோஸை முன்னே உண்டது என்பதற்கு, அவர் கண்ட பூட்டு மட்டும் விடையாகாது. ஏவற்புரதமும், குளுக்கோஸ் உள்ளவரை பாற்சர்க்கரையைக் கிருமிக்குள் நுழையவிடாத வேறொரு தடையும் சேர்ந்தே அதற்கு விடையாயின.

கிருமியில் உண்மையானது யானையிலும் உண்மையாதல் வேண்டும் என்பது மோனோவின் துணிவு. அதில் பாதி சரி. யானையின் பூட்டுகள் பலவும் ஜீனுக்குத் தொலைவில் அமைந்தவை. பாற்சர்க்கரையிலேயே இதற்கு உதாரணம் காணலாம். மக்கட் குழவிகள் பாலை அறுக்கும் லாக்டேஸ் என்னும் நொதியை நிரம்பச் செய்கின்றன. பால்குடி மறந்தபின் உலகிற் பெரும்பாலார்க்கு அஃது அடங்கிவிடும். ஐரோப்பியரிற் பலர்க்கு அடங்காமைக்குக் காரணம், அந்த ஜீனுக்கு 14,000 எழுத்தளவு தொலைவில், அண்டை ஜீனுக்குள் அமைந்த ஒரே எழுத்தின் மாறுதல் என்று 2002-இல் அறியப்பட்டது. அதே மாறுதல் இந்தியாவிலும் உண்டு. வடமேற்கே மிகுதி, தெற்கே குறைவு. பால் குடித்தால் வயிறு பொருமுகின்றது என்பார் நம்மிடையே பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1970-இல் மோனோ எழுதிய ‘தற்செயலும் இன்றியமையாமையும்’ என்னும் நூல் பெரிய சர்ச்சையை எழுப்பியது. உயிர் தோன்றியது தற்செயலால். அண்டத்தில் மனிதன் தனியன். அவனுக்கு விதிக்கப்பட்ட நோக்கம் யாதுமில்லை என்பது அதன் துணிபு. போதகர் குலத்திற் பிறந்தவர் இங்ஙனம் முடித்தார். யாம் அம்முடிவுக்கு உடன்படோம். பூட்டின் அமைப்பை அவர் சோதனையால் நிறுவினார். வீட்டிற்கு உடையவன் இல்லை என்பதை அச்சோதனைகளுள் ஒன்றும் நிறுவவில்லை. ஆயினும் தாம் உண்மையென்று கண்டதைக் கட்சிக்காகவோ பழைய நட்புக்காகவோ மறைக்காத ஒருவர் எழுதியது என்பதை நினைந்து, அந்நூலை நம் மாணவர் படித்துப் பார்த்தே மறுத்தல் தகும்.

1971-இற் பாஸ்டர் நிலையத்தின் தலைமையை ஏற்று, பொருள்முட்டில் இருந்த அந்நிலையத்தைச் சீர்ப்படுத்துவதிற் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். 1976 மே 31-ஆம் நாள் கான் நகரில் இரத்த நோயால் இறந்தார். ஜாகோப் 2013 வரை வாழ்ந்தார்.

தடுப்புப் புரதத்தின் முழு வடிவம் 1996-இல் எக்ஸ் கதிர்களால் வரையப்பட்டது. ஒரே வகைத் துண்டுகள் நான்கு சேர்ந்தது அது. இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏ.-யைப் பற்றிக்கொள்ளும். சர்க்கரை வந்து பொருந்துமிடம் டி.என்.ஏ.-யைப் பற்றும் முனையிலன்று, அதற்கு அப்பால் உடற்பகுதியில் உள்ளது. அங்கே சர்க்கரை அமர்ந்தவுடன் புரதத்தின் வடிவம் சிறிது திரிகின்றது. முனை பிடியை நெகிழ்க்கின்றது. புரதங்கள் ஓரிடத்திற் பொருளைப் பெற்று வேறோரிடத்திற் செயல் மாறும் என்னும் இக்கொள்கையை மோனோ 1961-இலேயே கருதி, 1965-இல் வைமன், ஷான்ஜோ இருவருடன் கூடி விரித்தெழுதியிருந்தார். உயிரின் இரண்டாம் இரகசியம் இதுவென்று தம் துணைவர் ஒருவரிடம் சொல்லியும் இருந்தார்.